பத்து வினாடி பொறுத்தால் போதும்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் எங்கள் வீடு. கணவர் கல்யாண வீடியோ எடுக்கிறார். மிக்சிங்கும் ஆல்பமும் என் பொறுப்பு. எடுத்த படமெல்லாம் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் சேர்கிறது. அதில் நான்கு பெரிய ஹார்டு டிஸ்குகளும் ஒரு சின்ன எஸ்எஸ்டியும் இருக்கின்றன. பெட்டியை நாங்கள் அணைப்பதில்லை. ஆனால் அந்த நான்கு டிஸ்குகளும் நாளின் பெரும்பகுதி சுற்றாமல் நிற்கின்றன. யாரும் கேட்காத நேரத்தில் அவற்றின் மோட்டார் ஓட வேண்டாம் என்று நான்தான் அமைத்து வைத்திருக்கிறேன். வீட்டில் இப்படி ஒரு பெட்டி வைத்திருக்கும் எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டும், அதையும் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. மின்வெட்டும் வெயிலும் உள்ள எங்கள் ஊர் மாதிரி ஊர்களில் இது இன்னும் அவசியம்.

சர்வர் என்றதும் பெரிய கம்பெனிச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். அணைக்காமல் வைத்திருக்கும் ஒரு கணினி. வீட்டிலுள்ள மற்றக் கணினிகளும் கைப்பேசிகளும் அதில் போட்டு வைக்கும், அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். நாஸ் என்ற பெயரில் கடையில் தயாராகக் கிடைக்கும் பெட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஸ்டுடியோக்காரர்கள், வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் பிள்ளைகள், பாடங்களை வீடியோவாக எடுத்து வைக்கும் டியூஷன் ஆசிரியர்கள் என்று பலர் இப்போது வைத்திருக்கிறார்கள்.

இணையத்தில் ஏற்றி வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம் என்று எடுத்தால் 400 ஜிபி சேர்வது எங்களுக்குச் சாதாரணம். வினாடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் அதை மேலே அனுப்ப 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த முகூர்த்தம் வந்துவிடும். கல்வராயன் மலைமேல் பல ஊர்களில் பேசுவதற்கே சிக்னல் தேட வேண்டியிருக்கிறது. அங்கிருந்து ஏற்றுவதை நினைத்தும் பார்க்க முடியாது. ஆகவே டிஸ்க் வீட்டில்தான் இருக்கும். வீட்டில் இருக்கிற டிஸ்கை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

கணினி சும்மா இருந்தால் டிஸ்கும் சும்மா இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நாம் எதையும் திறக்காவிட்டாலும் உள்ளே தட்டுகள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் ஒரு நாளைக்கு 77 லட்சம் சுற்றுக்கு மேல். வேகமான டிஸ்குகள் 7,200 சுற்று. இந்தச் சுற்றலுக்கு மூன்றரை அங்குல டிஸ்க் ஒன்று ஏறத்தாழ 5 வாட் எடுக்கிறது. மோட்டாரை நிறுத்தினால் அது ஒரு வாட்டுக்குள் அடங்கிவிடும். மறுபடி யாராவது ஒரு கோப்பைக் கேட்டால் தானாகவே சுற்றத் தொடங்கி, பத்து வினாடி அளவில் வேகம் பிடித்துக் கொடுத்துவிடும். நாம் ஏற்றுக்கொள்ள வேண்டிய சிரமம் அந்தப் பத்து வினாடி மட்டும்.

பணக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் நான்கு டிஸ்குகளும் நிற்கும்போது 18 வாட் அளவுக்கு மிச்சம். நாளில் 22 மணி நேரம் நின்றால் 0.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தாலும் 120 ரூபாய்தான் வருகிறது. இதற்காக ஒருவர் இரவு கண்விழித்து அமைப்புகளை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கோடையில் 500 யூனிட் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும் வீடுகளுக்கு மட்டும் இந்த 24 யூனிட்டின் மதிப்பு வேறு. அந்தக் கோட்டைத் தாண்டினால் சலுகை குறைந்து பில் சட்டென்று ஏறும். மற்றவர்களுக்குப் பணம் இதில் சின்ன விஷயம்.

பெரிய விஷயம் கரண்ட் போகும்போது தெரியும். காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை பராமரிப்புப் பணிக்காக மின்தடை என்று செய்தித்தாளில் மாதாமாதம் அறிவிப்பு வரும். நாங்களெல்லாம் அதைப் பார்த்துத்தான் மாவரைப்பதையும் மோட்டார் போடுவதையும் முடிவு செய்கிறோம். அன்று வீடு முழுக்க இன்வெர்ட்டரில் ஓடுகிறது. எட்டு மணி நேரத்துக்கு 18 வாட் என்றால் 144 வாட்-மணி. 28 வாட் எடுக்கும் புதுவகை மின்விசிறி ஒன்று அதில் ஐந்து மணி நேரம் ஓடும். எங்கள் அத்தைக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, பகலில் படுத்திருப்பவர். அவர் அறையில் காற்று வருவதா, யாருமே திறக்காத 2013-ஆம் வருடத்துக் கல்யாணம் மாடிப்படிக்குக் கீழே சுற்றுவதா என்று பார்த்தால், எனக்கு அதில் யோசிக்க எதுவும் இல்லை.

அறிவிப்போடு வரும் மின்தடையைச் சமாளித்துவிடலாம். அறிவிக்காமல் வருவதுதான் டிஸ்கைக் கொல்கிறது. ஆடிக் காற்றில் கம்பி உரசி ஒரு நிமிடத்துக்குள் மூன்று முறை போய் வரும் மின்சாரத்தை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். டிஸ்கின் உள்ளே படிக்கும் முனை, சுற்றும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் ஒரு நானோமீட்டர். அந்த இடைவெளியைத் தாங்கிப் பிடிப்பது தட்டின் வேகம் கிளப்பும் காற்று. கரண்ட் திடீரென்று நின்றால் வேகம் குறையும், காற்றின் தாங்கலும் குறையும். முனை தட்டைத் தொடுவதற்குள் அதை ஓரத்துக்கு இழுத்துவிட வேண்டும். அதற்கு மின்சாரம் எங்கே? இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரையே அந்தக் கணத்தில் ஜெனரேட்டராக மாற்றி, அதில் கிடைக்கும் மின்சாரத்தை வைத்து முனையை இழுத்து நிறுத்துகிறார்கள். இதை யோசித்துச் செய்தவர்களின் அறிவை நான் வணங்குகிறேன். ஆனாலும் இது அவசரத்துக்கான வழி. நிதானமாக நிறுத்துவதைவிடக் கடுமையானது. அதனால்தான் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில், இப்படி அவசரமாக இழுத்த தடவைகளுக்கென்று 192 என்ற எண்ணில் தனி வரி இருக்கிறது.

தூங்கும் டிஸ்குக்கு இந்த ஆபத்து வருவதில்லை. முனை ஏற்கெனவே ஓரத்தில், அதற்குரிய சரிவில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் போகும் அந்தக் கணத்தில் அதற்கு ஒன்றும் ஆகாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து வந்த நாட்களில் விழுப்புரத்தோடு கள்ளக்குறிச்சி மாவட்டமும் மழையில் தத்தளித்தது. எங்கள் தெருவில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்து, பிறகு வராமலே போனது. அந்த நேரத்தில் பெட்டிக்குள் நான்கு டிஸ்குகளும் நின்றிருந்தன என்பது எனக்குப் பெரிய நிம்மதி. இடி மின்னலால் வரும் உயர் மின்னழுத்தத்துக்குத் தூக்கம் காப்பு ஆகாது. அதற்குப் பிளக்கைப் பிடுங்கத்தான் வேண்டும். அன்று பிடுங்கியும் வைத்தோம்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வைகாசியில் மாடிப்படிக்குக் கீழே உள்ள காற்றே கொதிக்கும். அதில் நான்கு டிஸ்குகள் நெருக்கமாக அடுக்கியிருந்தால் ஒன்றின் சூடு அடுத்ததைத் தாக்கும். பல டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லை 60 டிகிரி. சுற்றிக்கொண்டே இருந்தால் எங்கள் ஊர் மே மாதத்தில் அந்த எல்லையை நெருங்குவது கடினமில்லை.

இத்தனையும் சொன்னால், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பிகள் ஒரு பதில் சொல்வார்கள். "அக்கா, ஓடுற மோட்டாரை ஓடவிடணும். நிறுத்தி நிறுத்திக் கிளப்புனா சீக்கிரம் போயிடும்." இதை நான் தள்ளிவிடவில்லை. இதில் உண்மை இருக்கிறது. நின்ற தட்டு வேகம் பிடிக்கும் அந்தச் சில வினாடிகளில் ஒரு டிஸ்க் 24 வாட் வரை இழுக்கும்; மோட்டாருக்கும் தாங்கிக்கும் கடினமான நேரம் அதுதான். கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மின்சாரத்தை அணைத்துப் போடும் எண்ணிக்கைக்கும் பழுதுக்கும் புதிய டிஸ்குகளில் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. மூன்று வயது தாண்டியவற்றில், அதிகம் அணைத்துப் போட்டவற்றின் பழுது விகிதம் இரண்டு சதவீதப் புள்ளிக்கு மேல் கூடியிருந்தது. அவர்கள் பார்த்தது முழுதாக அணைப்பதை. நான் சொல்வது மோட்டாரை மட்டும் நிறுத்துவதை. ஆனாலும் மறுபடி கிளப்பும் சிரமம் இரண்டிலும் உண்டு என்பதால் அந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். அதே ஆய்வில், சூட்டுக்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பு எல்லாரும் நினைத்த அளவுக்கு வலுவாக இல்லை என்றும் தெரிந்தது. சூட்டைப் பற்றி மேலே நான் சொன்னதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அரவைப் பருவம் முடிந்தால் ஆலையை நிறுத்திவிடுவார்கள். கரும்பே வராத மாதங்களில் யாரும் உருளையைச் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதேபோல் அரவை நடக்கும்போது ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையில் ஆலையை நிறுத்தவும் மாட்டார்கள். வேலை எப்போது வரும், எவ்வளவு இடைவெளியில் வரும் என்று தெரிந்துகொண்டு நிறுத்துவதுதான் முறை.

டிஸ்குக்கும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மேசைக் கணினி டிஸ்குகளுக்கு 50,000 முறை நின்று கிளம்பலாம் என்ற எண் தயாரிப்பாளர் குறிப்புகளில் நெடுங்காலம் வழங்கியது. ஒரு நாளைக்கு ஐந்து முறை நின்று கிளம்பினால் 50,000 தீர 27 ஆண்டு ஆகும். அதற்குள் டிஸ்க் வேறு காரணத்தால் ஓய்ந்திருக்கும். மாறாக, ஐந்து நிமிடம் யாரும் கேட்காவிட்டால் நிற்கும்படி வைத்துவிட்டு, ஏதோ ஒரு நிரல் ஆறு நிமிடத்துக்கு ஒரு தடவை டிஸ்கைத் தொட்டுக்கொண்டிருந்தால்? நாளைக்கு 240 தடவை. ஏழு மாதத்தில் 50,000 முடிந்துவிடும். பழுது பார்க்கும் தம்பிகள் கடையில் பார்ப்பது இந்த இரண்டாம் வகை டிஸ்குகளைத்தான். அவர்கள் கண்ணால் கண்டது சரி. அதிலிருந்து எடுத்த முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

உலகத்துக்கே தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டலின் கிரீன் வகை டிஸ்குகள், மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக, எட்டு வினாடி வேலை இல்லாவிட்டால் முனையை ஓரத்தில் ஏற்றி நிறுத்தும்படி வந்தன. தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். முனை மட்டும் ஏறும், இறங்கும். லினக்ஸ் வைத்த வீட்டு சர்வர்களில் சில வினாடிக்கு ஒரு தடவை ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கும் என்பதால், முனை ஏறி இறங்கும் எண்ணிக்கை குறுகிய காலத்தில் லட்சக்கணக்கில் போனது. அந்த எட்டு வினாடியை மாற்றுவதற்கென்றே பலரும் ஒரு கருவியைத் தேடிப் பயன்படுத்தினார்கள். மிச்சப்படுத்தும் நோக்கம் நல்லதுதான்; எட்டு வினாடி என்ற எண் வீட்டு சர்வருக்குப் பொருந்தவில்லை.

ஆகவே எல்லாம் அந்த எண்ணில் இருக்கிறது. அரை மணிக்குக் குறைவாக வைக்க வேண்டாம் என்பது என் தீர்மானம். எங்கள் பெட்டியில் ஒரு மணி நேரம். லினக்ஸில் இதற்கு எச்டிபார்ம் என்ற கட்டளை இருக்கிறது. அதில் ஒரு பொறி உண்டு. 1 முதல் 240 வரை எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதை ஐந்து வினாடியின் மடங்காக அது எடுத்துக்கொள்ளும். 60 என்று போட்டால் 60 நிமிடம் ஆகாது, ஐந்து நிமிடம். 241 என்றால் அரை மணி, 242 என்றால் ஒரு மணி. ஒரு மணி நேரம் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை டிஸ்கை நிறுத்திக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே நிச்சயம் இருப்பார்கள். இன்றே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் நேரடியாக நிமிடத்தையே எழுதலாம். வழக்கமாக அங்கே 20 நிமிடம் என்று இருக்கும், அதைக் கூட்டுங்கள். யூஎஸ்பி பெட்டிக்குள் வரும் டிஸ்குகளில் சில நம் கட்டளையைக் கேட்காமல் தம் சொந்தக் கணக்கில் தூங்கும். அவற்றை இரண்டு மூன்று நாள் கவனித்த பிறகே நம்ப வேண்டும்.

எண்ணை மாற்றினால் மட்டும் டிஸ்க் தூங்கிவிடாது. எழுப்புவதற்கு வீட்டில் ஆள் நிறைய. கைப்பேசியிலிருந்து தானாக வந்து சேரும் போட்டோ, படங்களுக்குச் சிறு முன்தோற்றம் உருவாக்கும் நிரல், பாட்டுப் பட்டியலைப் புதுப்பிக்கும் நிரல், கணினி தனக்குத்தானே எழுதும் நாட்குறிப்பு, டொரண்ட் என்று வரிசையாகச் சொல்லலாம். டிஸ்கின் வெப்பத்தைக் காட்டும் நிரலே சில நேரம் டிஸ்கை எழுப்பிவிடும். நான் இவை எல்லாவற்றையும் எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். இயங்குதளம், நாட்குறிப்பு, முன்தோற்றம், அன்றன்று வரும் போட்டோ எல்லாம் அங்கேதான். அதில் சுற்றும் பாகம் கிடையாது. நாள் முழுக்கச் சேர்ந்ததை இரவில் ஒரே தடவையாகப் பெரிய டிஸ்குக்கு அனுப்புகிறேன்.

இன்னொரு வேலையும் செய்தேன். ராவாக எடுத்த படங்களை ஆண்டு வாரியாகப் பிரித்தேன். பழைய ஆண்டுகள் ஒரு டிஸ்கில், அதன் இரண்டாம் பிரதி இன்னொன்றில். புதிய ஆண்டுகளுக்கும் அப்படியே ஒரு ஜோடி. நான்கையும் ரெய்டு முறையில் ஒன்றாகக் கோத்துவிட்டால் ஒரே ஒரு போட்டோவைப் பார்க்க நான்கும் எழ வேண்டும். தனித்தனியாக இருந்தால் கேட்ட டிஸ்க் மட்டும் எழும், மற்ற மூன்றும் தூங்கும். அலுவலகத்துக்குக் கோப்பது நல்லது. என்றைக்கோ ஒரு நாள் கேட்கும் வீட்டுக் களஞ்சியத்துக்கு அது தேவை இல்லை என்பது என் கருத்து.

என்றைக்கோ ஒரு நாள் கேட்பது என்றால் என்ன என்று மலையிலிருந்து வரும் எங்கள் வாடிக்கையாளர்களிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். வெள்ளிமலைப் பக்கம் கணவர் நிறையக் கல்யாணங்கள் எடுத்திருக்கிறார். கல்வராயன் மலையில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். ஜாகிர்தார்களின் பிடியில் தலைமுறை தலைமுறையாக இருந்து, 1976-இல்தான் அதிலிருந்து வெளியே வந்தார்கள். அங்கே ஐம்பது வருடத்துக்கு முந்தைய போட்டோ ஒரு வீட்டில் இருந்தால் அதிசயம். பல குடும்பங்களில் தாத்தாவும் பாட்டியும் அசைந்து பேசும் படம் என்று ஒன்று இருந்தால், அது யாரோ ஒரு பேரனின் கல்யாண வீடியோவில்தான் இருக்கும். கொடுத்த டிவிடி கீறிப் போயிருக்கும், பென் டிரைவ் தொலைந்திருக்கும், கைப்பேசி மாறியிருக்கும்.

போன வருடம் ஒரு தம்பி காலை முதல் பேருந்தில் மலையிலிருந்து இறங்கி வந்தார். "அக்கா, எங்க கல்யாணம் நீங்கதான் எடுத்தீங்க. அதுல எங்க பாட்டி பாடும். இருக்குமா?" என்றார். எந்த வருடம் என்று கேட்டேன். "பன்னெண்டுல. ஆவணி." பாட்டி இறந்து பதினாறாம் நாள் காரியம் வரப்போகிறது, அன்று வீட்டில் எல்லாரும் கேட்க வேண்டும் என்றார். பட்டியலும் முன்தோற்றங்களும் எஸ்எஸ்டியில் இருப்பதால் எந்த டிஸ்க், எந்த ஃபோல்டர் என்பது உடனே தெரிந்தது. திறந்தேன். டிஸ்க் எழுந்து வேகம் பிடித்தது. நாங்கள் ஆல்பத்தில் சேர்க்காத, மிக்சிங்கில் வெட்டிப்போட்ட பகுதியில் அந்தப் பாட்டி முழுப் பாட்டையும் பாடியிருந்தார். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது, அவர் நிறுத்தவில்லை.

இத்தனை வருடத்தில் அந்தக் கோப்பை யாரும் திறந்ததில்லை. ஆனால் கேட்ட நாளில் அது இருந்தே ஆக வேண்டும். டிஸ்கைத் தூங்க வை என்று நான் வாதாடுவதற்கு மூல காரணம் இதுதான். அதைப் பகலிரவாகச் சுற்றவிட்டு, ஒவ்வொரு மின்வெட்டிலும் முனையை அவசரமாக இழுக்க வைத்து, ஒவ்வொரு மே மாதமும் வேக வைத்திருந்தால், யாருக்கும் பயனில்லாத சுற்றலில் அதன் ஆயுள் போயிருக்கும்.

பெரிய நிறுவனங்கள் இந்த முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கொலரெல்லி, கிரன்வால்டு என்ற இருவர், பெரும்பாலான டிஸ்குகள் தூங்கியே இருக்கும் களஞ்சியம் ஒன்றை 2002-இலேயே முன்வைத்தார்கள். கோபன் என்ற நிறுவனம் அதை விற்பனைக்கும் கொண்டுவந்தது. ஒரு நேரத்தில் கால் பங்கு டிஸ்குகளுக்கு மேல் சுற்றாது. மைக்ரோசாப்ட் 2014-இல் விவரித்த பெலிகன் என்ற அடுக்கில் 1,152 டிஸ்குகள். அதில் ஒரே நேரத்தில் சுற்றக்கூடியவை நூற்றுக்கு எட்டு மட்டும். மின்சாரமும் குளிரூட்டலும் அந்த எட்டுக்குத் தகுந்த அளவுக்கே கொடுத்து வடிவமைத்தார்கள். ஆயிரம் டிஸ்க் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு வாட்டையும் எண்ணுகிறார்கள். நான்கு டிஸ்க் வைத்திருக்கும் நாமோ, கடையில் எப்படிக் கொடுத்தார்களோ அப்படியே ஓடவிடுகிறோம்.

தூங்கவே கூடாத டிஸ்குகளும் உண்டு. சிசிடிவி பதிவு செய்யும் டிஸ்க் இடைவிடாமல் எழுதுகிறது. அதற்கென்று தனி வகை டிஸ்கே விற்கிறார்கள். கடையில் பில் போடும் மென்பொருள் இருக்கும் டிஸ்கையும் தொட வேண்டாம். இரண்டு பேருக்கு மேல் நாள் முழுக்க ஒரே டிஸ்கில் வேலை பார்க்கும் இடத்திலும் இது தேவையில்லாத தொல்லை. முகூர்த்த மாதங்களில் நானே புதிய ஆண்டு டிஸ்கைத் தூங்கவிடுவதில்லை. காலை முதல் இரவு வரை அதில்தான் கை இருக்கும். ஆடி, மார்கழி வந்தால் மறுபடி மாற்றிவிடுவேன்.

தூங்கவைத்துவிட்டு மறந்துபோவது இன்னொரு ஆபத்து. மாதக்கணக்கில் படிக்காத டிஸ்கில் ஒரு மூலை கெட்டுப்போனால் அது யாருக்கும் தெரியாது. தெரியவரும் நாளில் வாசலில் ஒருவர் பாட்டியின் குரலைக் கேட்டு நிற்பார். அதனால் மாதத்தில் ஓர் இரவு நான்கையும் நானாக எழுப்பி, ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓடவிடுகிறேன். பெரிய டிஸ்குக்கு இரவு முழுக்க ஆகும், சில நேரம் மறுநாள் பகல் வரை நீளும். மின்தடை அறிவித்த நாளுக்கு முந்தைய இரவை இதற்கு எடுப்பதில்லை. சோதனை முடிந்ததும் நான்கு எண்களை நோட்டில் குறித்துக்கொள்கிறேன்: எத்தனை மணி நேரம் இயங்கியது, எத்தனை தடவை நின்று கிளம்பியது, முனை எத்தனை தடவை ஏறி இறங்கியது, அவசரமாக எத்தனை தடவை இழுத்தது. இரண்டாவது எண் மாதத்துக்கு நூறு நூற்றைம்பதுக்குள் ஏறினால் கவலை இல்லை. ஆயிரக்கணக்கில் ஏறினால் எங்கோ ஒரு நிரல் டிஸ்கைத் தட்டித் தட்டி எழுப்புகிறது என்று பொருள்; அதைத் தேடிப் பிடிக்கும்வரை தூக்கத்தை முழுதாக நிறுத்திவைப்பதே நல்லது. முக்கியமான குடும்பங்களின் படங்களுக்கு மூன்றாவது பிரதி ஒன்று எந்தப் பிளக்கிலும் மாட்டாமல் சங்கராபுரத்தில் என் அம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே எத்தனை பிரதி வைத்தாலும் அதை நான் ஒன்றாகத்தான் எண்ணுவேன்.

இந்த வேலையில் கடினமான கணிதம் எதுவும் இல்லை. ஒரு மாலைப் பொழுது போதும். ஆனால் அந்த ஒரு மாலையை வாங்குபவர் செலவழிக்கும்படி விடக்கூடாது என்பது என் கோரிக்கை. நாஸ் பெட்டி விற்கும் கடைக்காரர்கள், ஸ்டுடியோக்களுக்குக் கணினி அமைத்துத் தருபவர்கள் ஒப்படைக்கும் நாளிலேயே இதைச் செய்து தர வேண்டும். தயாரிப்பாளர்களும் எத்தனை தடவை நின்று கிளம்பலாம் என்ற எண்ணை, தேடிப் பிடிக்க வேண்டிய குறிப்புத்தாளில் புதைக்காமல் அட்டைப் பெட்டியின்மேல் அச்சடிக்க வேண்டும். கொள்ளளவைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்களுக்கு இது முடியாத காரியமா?

எங்கள் தொழிலில் உள்ள நண்பர்களுக்கு நான் அமைத்துக் கொடுத்த பெட்டிகளின் மேல் தமிழில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எந்த டிஸ்கில் எந்த ஆண்டு, எத்தனை நிமிடத்தில் தூங்கும், மாதச் சோதனை எந்த இரவு, இரண்டாம் பிரதி எங்கே என்பவை அதில் இருக்கும். வீட்டில் கணினி தெரிந்தவர் வெளியூர் போயிருந்தாலும் அடுத்தவர் படித்துப் புரிந்துகொள்ளலாம். சின்னசேலம், தியாகதுருகம், உளுந்தூர்பேட்டைக் கடைக்காரர்கள் யார் கேட்டாலும் அந்தத் தாளைக் கொடுக்கிறேன். அவர்கள் தங்கள் கடைப் பெயரையே அதில் அச்சடித்துக்கொள்ளலாம்.